தையல் இயந்திரம் கொடுத்தாயிற்று, அப்புறம்?

கம்போங் ராஜாவிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் ஏழைக் குடும்பங்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்கிறோம் என்று சொல்லி நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு இனிமேல் அந்தப் பெயரை வைக்க வேண்டாம். இரண்டு நாள் பயிற்சி, மார்பில் இயக்கத்தின் சின்னம் பதித்த டி-சட்டை, பொட்டலச் சாப்பாடு, சான்றிதழ், கடைசியில் ஒரு தையல் இயந்திரம் அல்லது மின் அடுப்பு. மேடையில் ஆளுயர அட்டைக் காசோலையைப் பிரமுகர்கள் ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, ஏழாவதாக ஓரத்தில் தோட்டத்துப் பெண் ஒருவர். மறுநாள் பத்திரிகையில் படம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தவர் யார்? மூன்றாம் மாதம் போனார்களா? ஓராண்டு கழித்துப் போனார்களா? பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் ‘பயன்பெற்றோர்’ பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடும். ஏறிய பெயர் இறங்கவே இறங்காது.

இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கேமரன் மலை என்றதும் மற்றவர்களுக்கு நினைவுக்கு வருவது பிரிஞ்சாங் இரவுச் சந்தையும் ஸ்ட்ராபெரியும், தேயிலைச் சரிவில் நின்று எடுத்துக்கொள்ளும் படமும்தான். கம்போங் ராஜா அந்தப் படத்துக்குள் வருவதில்லை. மலையின் வடகோடியில், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலையோரத்தில், பேராக் எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் அது. சுற்றுலாப் பேருந்துகள் அதைக் கடந்து பிரிஞ்சாங்குக்கும் தானா ராத்தாவுக்கும் விரைந்துவிடும். ஊரைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றைத் தாண்டினால் புளூ வேலி, அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி. 1929இல் ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. காட்டை வெட்டி, சரிவைச் செதுக்கி, கன்று நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர் ஏராளம். இன்று கூடைக்காரிகளின் இடத்தில் வெட்டுக் கருவியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேப்பாளியர். படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். மலையில் மிஞ்சியிருப்பது வயதானவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறித் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவர்கள்.

இந்தக் குடும்பங்களுக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் ஒரு நாளாவது மழைக்காலத்தில் இங்கே தங்கியிருக்க வேண்டும். கீழ்நாட்டிலிருந்து பயிற்சியாளர் வருகிறார். முறுக்கு சுற்றவும் வடகம் பிழியவும் அப்பளம் போடவும் சொல்லித் தருகிறார். நல்ல தொழில்தான், கிள்ளானில். இங்கே மதியம் மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கிவிடும். துவைத்த துணியே இரண்டு நாள் கொடியில் ஈரமாய்த் தொங்கும் ஊரில் வடகம் எங்கே காயும்? காற்றுப் புகாத டின்னில் போடாத முறுக்கு மறுநாள் காலையில் நமுத்துப்போகும். டின்னும் ஒட்டும் இயந்திரமும் வேண்டும் என்றால், அது இந்தப் பட்ஜெட்டில் இல்லை என்பார்கள். தையலும் அப்படியே. முப்பது வீட்டு லயத்தில் ஆறு பேருக்குத் தையல் கற்றுக் கொடுத்தால் யார் யாருக்கு ரவிக்கை தைப்பது? தீபாவளிக்கு ஒரு மாதம் ஓடும் இயந்திரம், மற்றப் பதினோரு மாதமும் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு மூலையில் இருக்கும். அதன்மேல் பிள்ளைகளின் புத்தகப்பையும் மின்கட்டண ரசீதும். இயந்திரம் கொடுத்தவர்களின் அறிக்கையிலோ அந்த வீடு ‘தொழில்முனைவர் குடும்பம்’.

பணம் இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. இந்திய சமூகத்தின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கென்று 2014இல் பிரதமர் துறையின் கீழ் செடிக் உருவானது. 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் புளூபிரிண்ட் வெளியிடப்பட்டது. 2018இல் ஆட்சி மாறியதும் செடிக் மித்ரா ஆனது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்பது வரவுசெலவுத் திட்டத்தில் வழக்கமாக ஒலிக்கும் தொகை ஆகிவிட்டது. பிரதமர் துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே மித்ரா எத்தனை முறை கைமாறியது என்று விரல்விட்டு எண்ணுவதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் புதுத் தலைவர், புதுக் குழு, புது விண்ணப்பப் படிவம். 2021–22இல் மித்ரா மானியம் பற்றி மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கி, நிறுவன இயக்குநர்கள் பலரைக் கைது செய்ததை நாடே பார்த்தது. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்பதை நீதிமன்றங்கள் சொல்லும்; அது நம் வேலையன்று. நம் கேள்வி அதைவிடச் சின்னது. அந்த ஆண்டுகளில் கேமரன் மலைக்கு ஒதுக்கிய ஒரு வெள்ளியாவது எந்த வீட்டின் மாத வருமானத்தை எவ்வளவு உயர்த்தியது? திருடு போன பணத்தைத் தேட அதிகாரிகள் இருக்கிறார்கள். சட்டப்படி, ரசீதோடு, முறையாக வீணான பணத்தை யார் தேடுவது?

கணக்குக் காட்டும் முறையே கோணல். ஓர் இயக்கம் மானியம் வாங்கினால் அது காட்ட வேண்டியது வருகைப் பதிவேடு, படங்கள், செலவு ரசீது. நூறு பேர் வந்தார்கள் என்றால் திட்டம் வெற்றி. வந்த நூறு பேரில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்காதபோது, இயக்கங்கள் ஆள் சேர்ப்பதில்தானே கெட்டிக்காரர்களாக இருக்கும்? ஒரே பெண்மணி மூன்று இயக்கங்களின் பட்டியலில் மூன்று ‘பயனாளி’ ஆவதும் இப்படித்தான் சாத்தியமாகிறது.

புள்ளிவிவரத்தைக் காட்டிச் சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 6,627 வெள்ளி. தேசிய அளவைவிட இது அதிகம். அப்புறம் என்ன குறை என்று மேடையில் கேட்கிறார்கள். பங்சாரில் இருக்கும் வழக்கறிஞரையும் புளூ வேலியில் இருக்கும் கூலியையும் ஒரே வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் வருமானத்தைச் சொன்னால் கூலிக்கு என்ன கிடைத்தது? அதே கணக்கெடுப்பில் தேசிய வறுமைக் கோடு மாதம் 2,589 வெள்ளி. 2025 பிப்ரவரியில் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒருவர் சம்பாதிக்க ஐவர் சாப்பிடும் வீடு, சட்டப்படி முழுச் சம்பளம் வாங்கினாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். அந்த 889 வெள்ளி இடைவெளியை நிரப்புவதற்குத்தான் இந்தத் திட்டங்கள். அதை நிரப்பினார்களா என்று மட்டும் சொன்னால் போதும்.

இனி அடிப்படைக்கு வருவோம். சொந்தத் தொழில் என்பது காற்றில் நடக்காது. அதற்கு இடம் வேண்டும். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. வேலை போனால், ஓய்வு பெற்றால், வீடு போகும். அந்த வீட்டுத் திண்ணையில் கடை போட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சாலையோரத்தில் போட மாவட்ட மன்றத்தின் உரிமம் வேண்டும். வங்கியில் கடன் கேட்டால் வியாபார முகவரி வேண்டும். முகவரியே இல்லாதவருக்கு மூலதனம் தருகிறோம் என்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீட்டுத் திட்டம் என்ற பேச்சை 1973இலேயே அன்றைய பிரதமர் துன் ரசாக் எடுத்தார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அறுபது வயதில் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பிள்ளை வீட்டைத் தேடிப் போகும் காட்சி மலையில் இன்னும் ஓயவில்லை.

நிலத்தின் கதை இன்னும் கசப்பு. கேமரன் மலையில் காய்கறி விளையும் நிலத்தில் பெரும்பகுதி நெடுங்காலம் தற்காலிக உரிமத்தில் ஓடியது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் முடியும். பிறருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் போகும். சட்டம் இப்படி இருக்க, உரிமம் ஒருவர் கையிலும் மண்வெட்டி இன்னொருவர் கையிலும் இருக்கிறது என்ற புகார் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. 2024 ஜனவரி 26 அதிகாலையில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். இந்த மலை யார் உழைப்பில் விளைகிறது, ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பதை அந்த ஐந்து சடலங்கள் காட்டின. மூன்று தலைமுறையாக இந்த மண்ணோடு கிடக்கும் தோட்டக் குடும்பத்துக்கு, பாதுகாப்பான சரிவில், நீர் வசதியோடு கால் ஏக்கர் தர ஏன் மனம் வரவில்லை? முட்டைக்கோசும் தக்காளியும் பயிரிட இவர்களுக்குப் பயிற்சியாளர் தேவையில்லை. பிறர் நிலத்தில் அன்றாடம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். நிலம் மாநில அரசின் அதிகாரம். பகாங் அரசு இதில் வாய் திறக்க வேண்டும்.

வாய் திறந்து கேட்டவர்களும் நம் வரலாற்றில் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், அன்றைய ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள் என்றார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. அந்தச் சங்கத்தைப் பற்றிப் பின்னாளில் எழுந்த குறைகள் வேறு கதை. ஆனால் அன்று தொழிலாளியிடம் கேட்டது ‘தோட்டத்தில் பங்கு வேண்டுமா?’ என்று. இன்று கேட்பது ‘டி-சட்டை என்ன சைஸ்?’ என்று.

இப்படித்தான் செய்ய வேண்டும் என்று உலகம் கண்டறிந்து வைத்திருப்பதை நம் திட்ட வரைவாளர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை போலும். வங்காளதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் பரம ஏழைகளுக்கென்று ஒரு முறையைத் தொடங்கியது. ஆடோ மாடோ ஒரு சிறு வியாபாரமோ கொடுப்பார்கள், அது பலன் தரும்வரை வயிற்றுக்குச் சிறு தொகை கொடுப்பார்கள், சேமிக்கப் பழக்குவார்கள், ஒரு பணியாளர் வாரந்தோறும் வீட்டுக்கே வந்து பார்ப்பார். இப்படி இரண்டு ஆண்டு நடக்கும். எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைகளை வைத்து இதைச் சோதித்த ஆய்வு 2015இல் சயன்ஸ் இதழில் வந்தது. திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் வருமான உயர்வு பெரும்பாலான நாடுகளில் நிலைத்திருந்தது. ஹொண்டுராஸில் மட்டும் சறுக்கியது. அங்கே கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போயின. ஊருக்கும் வானிலைக்கும் ஒவ்வாத பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கேமரன் மலையில் வடகம் பிழியச் சொல்கிறவர்கள் அந்தக் கோழிக் கதையை ஒருமுறை படிக்கட்டும்.

அவ்வளவு தூரம் போவானேன். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் முதலில் பயிற்சி கொடுக்கவில்லை, சேமிக்க வைத்தன. வாரம் ஒரு நாள் கூடி, சில்லறையைச் சேர்த்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி, நாணயத்தை நிரூபித்த பிறகே வங்கிக்குப் போனார்கள். நம் நாட்டிலேயே அமானா இக்தியார் இருக்கிறது. பேராசிரியர் டேவிட் கிபன்ஸும் சுக்கோர் காசிமும் 1987இல் கிராமின் வங்கி வழியில் தொடங்கிய அமைப்பு; அடமானம் இல்லாக் கடன், வாரக் கூட்டம். கடன் வாங்கியவர்கள் 99 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பிக் கட்டுகிறார்கள் என்று அது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. இந்தியப் பெண்களுக்கென்று அதில் ‘பெண்’ என்ற பெயரில் 5 கோடி வெள்ளித் திட்டம் வருவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தேழு ஆண்டுகள்! தாமதமானாலும் வந்ததை வரவேற்கிறோம். சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்குன் அமைப்பு இந்தியர்களுக்கென்று வழங்கும் ஸ்பூமி கடனும் வேண்டியதே. ஆனால் சந்தை, இடம், உரிமம், வண்டி எதுவும் இல்லாத பெண்ணின் கையில் கடனை மட்டும் திணித்தால், ஆறாம் மாதம் தவணை கட்ட அவர் போய் நிற்பது வட்டி முதலையின் வாசலில்தான். கடன் கொடுக்கிற அலுவலகம் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2023இல் கொண்டுவந்த மக்கள் வருமான முனைப்பையும் இங்கே கேட்டாக வேண்டும். அதில் விவசாயத்துக்கென்றே இந்தான் என்ற பிரிவு உண்டு. நாட்டின் காய்கறிக் கூடை கேமரன் மலை. இந்தானில் இந்த மலையின் தோட்டக் குடும்பங்கள் எத்தனை சேர்க்கப்பட்டன? எண்ணிக்கையை வெளியிடட்டும். பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று போடட்டும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே வரும் மறுமொழி நமக்குத் தெரியும்: ‘கொடுத்தாலும் உருப்பட மாட்டார்கள், மானியத்துக்குப் பழகிவிட்டார்கள்.’ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இதைச் சொல்கிறவர்கள், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வழுக்கும் சரிவில் கூடையோடு ஏறியவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். எடைக்குக் கூலி வாங்கிய வம்சம் இது. கிள்ளாத கொழுந்துக்கு இவர்களுக்கு எவரும் காசு கொடுத்ததில்லை. வேலை செய்யாமல் பணம் வாங்கியவர்களைத் தேட வேண்டுமானால் மானியப் பட்டியலின் மேல்வரிசையிலிருந்து தொடங்குவது நல்லது. 2012இல் பிரிம் என்று 500 வெள்ளியாக வந்த உதவித்தொகை பிறகு பிஎஸ்எச், பிபிஆர், பிகேஎம், எஸ்டிஆர் என்று ஆட்சிக்கு ஒரு பெயர் பூண்டது. பெயர் மாற்றுவதில் காட்டிய சுறுசுறுப்பில் பாதியை அந்த உதவியே தேவைப்படாத நிலைக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுவருவதில் காட்டியிருந்தால் இந்தத் தலையங்கம் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

தேர்தல் வந்தால் மட்டும் மலைக்கு வழி தெரிந்துவிடுகிறது. 2018இல் இந்தத் தொகுதியின் முடிவைத் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. வாக்காளர்களுக்குப் பணம் தரப்பட்டதே காரணம். 2019 ஜனவரி இடைத்தேர்தலில் இரு தரப்புத் தலைவர்களும் தொண்டர்களும் மலையில் குவிந்தார்கள். கம்போங் ராஜாச் சாலையில் அத்தனை அரசாங்க வண்டிகளை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்பார்கள் ஊர்க்காரர்கள். வாக்கு எண்ணி முடிந்ததும் வண்டிகள் இறங்கிவிட்டன. எந்தக் கட்சி என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கியதில் எல்லாரும் ஒற்றுமை.

ஆகவே மித்ராவிடம் நாம் கேட்பது இதுதான். மேடைக்கும் பதாகைக்கும் இனி ஒரு காசு வேண்டாம். மானியத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள். பயிற்சி முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு; ஓராண்டு கழித்து அந்தக் குடும்பங்களின் வருமானத்தை இயக்கத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் வீடு வீடாகச் சரிபார்த்த பிறகு அடுத்த பங்கு; மிச்சம் இரண்டாம் ஆண்டு முடிவில். இதற்கு ஒப்பாத இயக்கங்கள் விலகிக்கொள்ளட்டும், நட்டம் ஒன்றுமில்லை. தானா ராத்தா வரை பேருந்துக்குக் காத்திருந்து போய்ப் படிவம் நிரப்பச் சொல்லாமல், கம்போங் ராஜாவிலேயே ஓர் அலுவலரை உட்கார வையுங்கள். அரசின் ஏழைக் குடும்பப் பதிவான இ-காசே பட்டியலில் விடுபட்ட தோட்டக் குடும்பங்களை அவர் தேடிப் போய்ச் சேர்க்கட்டும்.

மாவட்ட மன்றம் பிரிஞ்சாங் இரவுச் சந்தையிலும் சாலையோரக் கடை வரிசைகளிலும் தோட்டக் குடும்பங்களுக்கென்று இடம் ஒதுக்கி, அதை வேறு யாரும் உள்வாடகைக்கு எடுக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் ஓய்வு பெறும் தொழிலாளிக்கு வீட்டு விஷயத்தில் என்ன செய்யப்போகின்றன என்பதை எழுத்தில் தரட்டும். மனிதவள அமைச்சு அதைக் கேட்டு வாங்கட்டும்.

கடைசியாக ஒன்று. 2018 முதல் இன்றுவரை கேமரன் மலைக்கு வந்த ஒவ்வொரு மித்ரா மானியமும் எந்த இயக்கத்துக்கு, எவ்வளவு, எத்தனை குடும்பத்துக்கு, இன்று அந்தக் குடும்பங்களில் எத்தனை தொழில் நடத்துகின்றன என்ற கணக்கை அடுத்த வரவுசெலவுத் திட்டம் தாக்கலாவதற்குள் வெளியிட வேண்டும். பயனாளிகளின் பெயர் வேண்டாம்; இயக்கங்களின் பெயர் போதும். மலாயிலும் தமிழிலும் அச்சடித்து, புளூ வேலித் தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எந்த வரி உண்மை, எந்த வரி பொய் என்று அங்கே பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார்கள் சொல்லிவிடுவார்கள்.